போலனியில் வந்த கிருமி: தென்னாப்பிரிக்க லிஸ்டீரியா நெருக்கடியில் அரசு எங்கே பிந்தியது?

2017 ஜூலையில் சூவெட்டோவின் கிறிஸ் ஹானி பரக்வனாத் மருத்துவமனையிலும் ப்ரிட்டோரியாவின் ஸ்டீவ் பீக்கோ மருத்துவமனையிலும் பச்சிளங்குழந்தைப் பிரிவு மருத்துவர்களுக்கு ஒரே சந்தேகம் எழுந்தது. பிறந்து சில நாள்களே ஆன குழந்தைகளின் இரத்தத்தில் லிஸ்டீரியா என்ற பாக்டீரியா அடிக்கடி தென்பட்டது. நாடு முழுவதும் சேர்த்தே ஆண்டுக்கு 60 முதல் 80 பேருக்கு மட்டும் வரும் நோய் அது. இப்போது ஒரே வார்டில் அடுத்தடுத்து வந்தது. மருத்துவர்கள் தேசியத் தொற்றுநோய் நிறுவனத்துக்குத் தகவல் சொன்னார்கள்.

அந்தத் தகவலுக்கும், எந்த உணவில் கிருமி இருக்கிறது என்று அரசு மக்களிடம் சொன்ன நாளுக்கும் இடையே எட்டு மாதம் ஓடியது. எல்லாம் முடிந்தபோது 1,060 பேருக்கு நோய் உறுதியாகியிருந்தது, 216 பேர் இறந்திருந்தார்கள். உலகில் அதுவரை பதிவான லிஸ்டீரியா பரவல்களிலேயே பெரியது இதுதான் என்று உலக சுகாதார நிறுவனம் குறிப்பிட்டது. அந்த எட்டு மாதத்தில் அரசு இயந்திரம் எங்கே நன்றாக ஓடியது, எங்கே நின்றுபோனது என்று பார்ப்பதே இந்த ஆய்வின் வேலை. அறிவியல் ஆய்வில் அந்த நாடு தலைநிமிர்ந்து நின்றது என்பதையும், கண்காணிப்பில் அதே நாடு தன் மக்களைக் கைவிட்டது என்பதையும் சேர்த்தேதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கிருமியின் குணம்

லிஸ்டீரியாவின் குணத்தைப் புரிந்துகொண்டால்தான் விசாரணை ஏன் அவ்வளவு இழுத்தது என்பது புரியும். மண்ணிலும் நீரிலும் சாணத்திலும் சாதாரணமாக வாழும் பாக்டீரியா இது. நன்றாகச் சூடாக்கினால் செத்துவிடும். ஆனால் குளிரில் சாகாது. மற்ற கிருமிகள் அடங்கிக் கிடக்கும் 4 டிகிரி குளிரிலும் இது மெல்லப் பெருகிக்கொண்டிருக்கும். குளிர்பெட்டியில் வைத்தால் உணவு பத்திரமாக இருக்கும் என்ற நம் நம்பிக்கை இதனிடம் செல்லாது. தொழிற்சாலையின் வடிகால், வெட்டும் இயந்திரத்தின் இடுக்கு, ஈரமான தரை ஆகியவற்றில் ஒரு மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டுவிட்டால் சாதாரணக் கழுவலுக்கு அது அசையாது. வேகவைத்து முடித்த இறைச்சிமேல் அங்கிருந்து மறுபடியும் வந்து ஒட்டிக்கொள்ளும்.

நல்ல உடல்நிலையில் இருப்பவருக்கு இதனால் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்து போகலாம். கர்ப்பிணிக்கு ஒரு சிறு காய்ச்சலாகத் தோன்றிவிட்டு, நஞ்சுக்கொடி வழியே குழந்தையைத் தாக்கும். கருச்சிதைவு, இறந்து பிறத்தல், பிறந்த குழந்தைக்கு இரத்தத்தில் நச்சுத் தொற்று, மூளைக்காய்ச்சல் என்று போகும். முதியவர்களுக்கும், எச்.ஐ.வி. உள்ளிட்ட காரணங்களால் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கும் இதே அளவு ஆபத்து உண்டு. எச்.ஐ.வி. தொற்று மிகுந்த ஒரு நாட்டில் இதற்கு என்ன பொருள் என்று விளக்கத் தேவையில்லை.

இன்னொன்று: கிருமி உடலுக்குள் போன நாளிலிருந்து நோய் வெளிப்பட 70 நாள் வரை ஆகலாம். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் நம்மில் யாருக்குப் பதில் தெரியும்? நோயாளிகளில் பலர் இன்னும் எதையுமே சாப்பிட்டுப் பழகாத பச்சிளங்குழந்தைகள். கேள்வியை அவர்களுடைய தாயிடம்தான் கேட்க வேண்டும். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு பெண்ணிடம் உணவுப் பட்டியல் கேட்கும் வேலை அந்தக் கள ஆய்வாளர்களுக்கு வாய்த்தது.

சட்டம் கேட்காத கேள்வி

2017 ஜூலையில் தென்னாப்பிரிக்காவில் லிஸ்டீரியா நோய் அறிவிக்கத்தக்க நோய்ப் பட்டியலில் இல்லை. ஒரு மருத்துவர் அதைக் கண்டுபிடித்தாலும் அரசுக்குச் சொல்ல வேண்டும் என்ற சட்டக் கடமை கிடையாது. பரக்வனாத்திலும் ஸ்டீவ் பீக்கோவிலும் இருந்தவர்கள் சொன்னது அவர்களுடைய மனச்சாட்சியால். நாட்டின் வேறு மூலைகளில் ஒன்றிரண்டு நோயாளிகளைப் பார்த்த மருத்துவர்களுக்கு அது ஒரு தொடரின் கண்ணி என்று தெரிய வழியே இல்லை. அரசு மருத்துவமனைகளின் பரிசோதனைகளைச் செய்யும் தேசிய ஆய்வகச் சேவையின் பதிவேட்டைத் திருப்பிப் பார்த்துத்தான் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டியிருந்தது.

அப்படிக் கூட்டி, 2017 டிசம்பர் 5 அன்று சுகாதார அமைச்சர் ஆரோன் மொட்ஸோலெடி நோய்ப் பரவலைப் பகிரங்கமாக அறிவித்தார். அன்றைய கணக்கு 557 நோயாளிகள், 36 மரணங்கள். நோய் அறிவிக்கத்தக்கதாக ஆனதும் அந்த மாதத்தில்தான். மருத்துவர்களின் எச்சரிக்கைக்குப் பிறகு ஐந்து மாதம் கடந்திருந்தது.

டிசம்பர் அறிவிப்பில் நல்ல பகுதியும் உண்டு. நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமிகளின் முழு மரபணு வரிசையைத் தொற்றுநோய் நிறுவனம் படித்துவந்தது. பெரும்பாலானவை எஸ்டி 6 என்ற ஒரே வகையைச் சேர்ந்தவை. அதனால் பரவலாக விற்கும் ஏதோ ஓர் உணவு, ஒரே ஊற்றிலிருந்து, நாடு முழுவதும் போய்க்கொண்டிருக்கிறது என்பதை அமைச்சரால் அன்றே சொல்ல முடிந்தது. பணக்கார நாடுகளிலேயே அப்போது எல்லா இடத்திலும் இல்லாத திறமை இது. ஜோகன்னஸ்பர்க்கின் அந்த ஆய்வகத்தில் இரவு பகலாக உழைத்தவர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

ஆனால் எந்த உணவு? அது தெரியவில்லை. ஆகவே மக்களுக்குக் கிடைத்தது பொதுவான அறிவுரை: கையைக் கழுவுங்கள், பச்சை இறைச்சியையும் சமைத்ததையும் தனித்தனியே வையுங்கள், நன்றாக வேகவையுங்கள், பத்திரமான வெப்பநிலையில் வையுங்கள், சுத்தமான நீரைப் பயன்படுத்துங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து விதிகள் அவை. எல்லாம் சரியான விதிகள்தான். ஆனால் நோய் வந்துகொண்டிருந்தது யாரும் வேகவைக்காத, கடையிலிருந்து வாங்கி அப்படியே நறுக்கிச் சாப்பிடும் பண்டத்திலிருந்து. ஐந்து விதிகளையும் அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்த ஒரு தாயும் அதே கிருமியைச் சாப்பிட்டிருக்க முடியும்.

போலனி

போலனி என்பது தடித்த, இளஞ்சிவப்பு நிறத் தொத்திறைச்சி. எலும்பிலிருந்து இயந்திரம் சுரண்டியெடுக்கும் கோழிச் சதையைக் கூழாக்கி, மாவும் மசாலாவும் சேர்த்து, உறையில் அடைத்து வேகவைப்பார்கள். அந்தக் கோழிக் கூழில் பெரும்பங்கு பிரேசிலிலிருந்து இறக்குமதி ஆகிறது. தென்னாப்பிரிக்காவின் உழைக்கும் மக்களுக்கு எட்டும் விலையில் கிடைக்கும் இறைச்சி அது. பள்ளிக்குப் போகும் பிள்ளையின் ரொட்டிக்கு நடுவே ஒரு துண்டு போலனி இருக்கும். கால் ரொட்டியைக் குடைந்து, உருளைக்கிழங்கு வறுவலோடு போலனியையும் அடைத்து விற்கும் 'கோட்டா' சூவெட்டோவின் தெருமுனைச் சாப்பாடு. மழலையர் காப்பகங்களின் மதிய உணவிலும் அதற்கு இடமுண்டு. இந்தப் பரவலை ஏழைகளின் தட்டில் நடந்த விபத்தாகவே நான் பார்க்கிறேன்.

2018 ஜனவரி 12, வெள்ளிக்கிழமை. சூவெட்டோவின் ஒரு காப்பகத்திலிருந்து ஐந்து வயதுக்குட்பட்ட ஒன்பது குழந்தைகள் காய்ச்சலும் வயிற்றுப்போக்குமாகப் பரக்வனாத்துக்கு வந்தார்கள். ஒரு குழந்தைக்கு என்றால் மருந்து கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஒன்பது பேர் ஒன்றாக வந்ததும் அங்கிருந்த குழந்தை மருத்துவருக்கு லிஸ்டீரியாவாக இருக்குமோ என்று தோன்றியது. உடனே தொற்றுநோய் நிறுவனத்துக்குச் சொன்னார். அன்றைக்கே சுகாதார ஆய்வாளர்கள் காப்பகத்துக்குப் போய்க் குளிர்பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே இரண்டு நிறுவனங்களின் போலனி இருந்தது: ஒன்று என்டர்பிரைஸ், மற்றொன்று ரெயின்போ சிக்கன்.

ஒரு குழந்தையின் மலத்திலும் இரண்டு போலனிகளிலும் லிஸ்டீரியா வளர்ந்தது. மூன்றும் எஸ்டி 6 என்பது ஜனவரி 27 சனிக்கிழமை உறுதியானது. அதே காலத்தில் 109 நோயாளிகளிடம் நடத்திய விசாரணையில் 93 பேர், அதாவது 85 விழுக்காட்டினர், அப்படியே சாப்பிடும் பதப்படுத்திய இறைச்சியை உண்டதாகச் சொன்னார்கள். அதில் முதலிடம் போலனிக்கு.

பிறகு லிம்போபோ மாகாணத்தின் போலோக்வானே நகரில் என்டர்பிரைஸ் தொழிற்சாலைக்குள் ஒரு குழு போனது. சுகாதார ஆய்வாளர்கள், தொற்றுநோய் நிறுவனத்தினர், வேளாண் துறையினர், ஜெனீவாவிலிருந்து வந்த உலக சுகாதார நிறுவனத்தின் மூன்று வல்லுநர்கள் அதில் இருந்தார்கள். தரையிலும் இயந்திரங்களிலும் எடுத்த மாதிரிகளில் 30 விழுக்காட்டுக்கும் மேல் லிஸ்டீரியா. அவற்றில் குறைந்தது 16 மாதிரிகளில் எஸ்டி 6. இந்தக் கடைசி முடிவு வந்தது மார்ச் 3 நள்ளிரவையொட்டி. மறுநாள் ஞாயிறு. அமைச்சர் விடுமுறை பார்க்காமல் செய்தியாளர்களைக் கூட்டித் தொழிற்சாலையின் பெயரைச் சொன்னார். அப்போது கணக்கு 948 நோயாளிகள், 180 மரணங்கள்.

முப்பத்தாறு நாள்

அமைச்சர் காட்டிய வேகத்தை மதிக்கிறேன். நள்ளிரவில் வந்த முடிவைத் திங்கட்கிழமைக்கு ஒத்திப்போடவில்லை. என்டர்பிரைஸ் நாட்டின் மிகப்பெரிய உணவு நிறுவனங்களில் ஒன்றான டைகர் பிராண்ட்ஸுக்குச் சொந்தமானது. அதன் பெயரை ஒலிபெருக்கி முன் சொல்லத் துணிவு வேண்டும். போலனி மட்டுமன்றி, அதோடு ஒட்டி உரசும் வியன்னா, ரஷ்யன் முதலிய தொத்திறைச்சிகளையும் எல்லா வகை அப்படியே சாப்பிடும் பதப்படுத்திய இறைச்சியையும் தவிர்க்கச் சொன்னார். தேசிய நுகர்வோர் ஆணையம் சரக்கைத் திரும்பப் பெறும் அறிவிப்பை அன்றே அனுப்பியது. கடைகளின் அலமாரிகள் காலியாயின. மக்கள் பைகளோடு வரிசையில் நின்று போலனியைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

ஆயினும் ஜனவரி 27க்கும் மார்ச் 4க்கும் இடையே 36 நாள் இருக்கிறது. நோயாளிகளிடம் பரவிய அதே வகைக் கிருமி காப்பகத்துப் போலனியில் இருக்கிறது என்று ஜனவரி இறுதியிலேயே தெரியும். அந்த 36 நாளும் தொழிற்சாலை ஓடியது, விற்பனை நடந்தது.

அரசின் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஒரே குளிர்பெட்டியில் இருந்த இரண்டு போலனியில் ஒன்றிலிருந்து மற்றதற்குக் கிருமி தொற்றியிருக்கலாம். எது குற்றவாளி என்று அப்போது சொல்ல முடியாது. உண்மையில் ரெயின்போ சிக்கனின் தொழிற்சாலையில் பின்னர் லிஸ்டீரியா கிடைத்தாலும் அது எஸ்டி 6 இல்லை. பெயரைத் தவறாகச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு 2011இல் ஜெர்மனி உதாரணம். ஈ. கோலி என்ற பாக்டீரியாவின் பரவலுக்கு ஸ்பெயின் நாட்டு வெள்ளரிக்காய் காரணம் என்று ஹாம்பர்க் அதிகாரிகள் அறிவித்தார்கள். கடைசியில் காரணம் முளைகட்டிய வெந்தயம் என்று தெரிந்தது. அதற்குள் ஸ்பெயின் விவசாயிகளின் விளைச்சல் குப்பைக்குப் போயிருந்தது.

இந்த நியாயம் எனக்குப் புரிகிறது. நிறுவனத்தின் பெயரைச் சொல்வதற்குத்தான் அது பொருந்தும். நிறுவனத்தின் பெயரே சொல்லாமல், 'கர்ப்பிணிகளும் முதியவர்களும் நோயாளிகளும் முடிவு தெரியும்வரை போலனி சாப்பிட வேண்டாம், சாப்பிட்டே ஆக வேண்டுமென்றால் நன்றாகச் சூடாக்குங்கள்' என்று வானொலியில் எல்லா மொழிகளிலும் சொல்லியிருக்க முடியும். மருத்துவ வழிகாட்டுக் குறிப்புகளின் மூலையில் பொதுவான எச்சரிக்கைகள் இருந்தன. தெருவில் நடக்கும் பெண்ணின் காதில் விழும்படி போலனி என்ற சொல் ஒலித்தது மார்ச் 4 அன்றுதான். வெறும் சந்தேகத்தின் பேரில் ஒரு பண்டத்தின் விற்பனை சில வாரம் படுத்திருந்தால் அந்த இழப்பைப் பிறகு ஈடுகட்டலாம். இறந்துபோன குழந்தைக்கு அப்படி ஒரு வழி இல்லை.

யாருடைய பொறுப்பு

தொழிற்சாலைக்குள் அத்தனை மாதிரிகளில் கிருமி இருந்தும் எந்த ஆய்வாளரும் ஏன் முன்பே பார்க்கவில்லை? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் மூன்று அமைச்சகங்களின் வாசலில் மாறி மாறி நிற்க வேண்டியிருக்கும். இறைச்சிக்கூடம் வேளாண் துறைக்கு உட்பட்டது, 2000ஆம் ஆண்டின் இறைச்சிப் பாதுகாப்புச் சட்டப்படி. டப்பாவில் அடைத்த இறைச்சிக்கும் மீனுக்கும் கட்டாயத் தரம் விதிப்பது வணிக, தொழில் துறையின் கீழ் உள்ள ஒழுங்காற்று அமைப்பு. மற்ற உணவுகள் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி சுகாதாரத் துறைக்கு உட்பட்டவை. அதைக் களத்தில் நிறைவேற்ற வேண்டியவர்களோ நகராட்சிகளின் சுகாதார ஆய்வாளர்கள். பத்தாயிரம் பேருக்கு ஓர் ஆய்வாளர் என்பது அந்நாட்டு நியதி. நியதிக்குத் தக்கபடி ஆள் இல்லை.

போலனி இவற்றின் நடுவே விழுந்தது. அது இறைச்சிக்கூடத்தைத் தாண்டிவிட்ட பண்டம், டப்பாவிலும் இல்லை. குளிரூட்டி விற்கும் பதப்படுத்திய இறைச்சிக்கு ஒரு தேசியத் தரம் எழுதி வைத்திருந்தார்கள். ஆனால் அதைப் பின்பற்றுவது விருப்பத்தைப் பொறுத்தது. ஆபத்தான கட்டங்களை முன்கூட்டியே கண்டறிந்து கட்டுப்படுத்தும் முறை, உலகெங்கும் உணவுத் தொழிலில் அடிப்படையாகக் கருதப்படுவது, இந்தத் தொழிற்சாலைகளுக்குச் சட்டப்படி கட்டாயமாக இருக்கவில்லை.

2008 டிசம்பரில் அயர்லாந்தில் நடந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அங்கே பன்றித் தீவனத்தில் டையாக்சின் என்ற நச்சு கலந்துவிட்டது. ஒருவர்கூட நோயில் விழாத நிலையில், வழக்கமான சோதனைக்கு எடுத்த ஒரு மாதிரி அதைக் காட்டிக்கொடுத்தது. செப்டம்பர் 1 முதல் நாட்டில் வெட்டிய எல்லாப் பன்றிகளின் இறைச்சியையும் டிசம்பர் 6 அன்று அரசு திரும்பப் பெற்றது. கிறிஸ்துமஸ் விற்பனைக்கு மூன்று வாரம் முன்பு, மாசுபட்ட தீவனம் போன பண்ணைகள் சிலவே என்று தெரிந்திருந்தும் அப்படிச் செய்தார்கள். தொழில் பெரும் நட்டமடைந்தது. ஆனால் யாருக்கும் சவப்பெட்டி செய்ய வேண்டியிருக்கவில்லை. நஞ்சின் தன்மை வேறு, நாட்டின் வசதி வேறு என்பது உண்மைதான். எனினும் அங்கே மாசைக் காட்டியது ஒரு சோதனைச்சாலை, இங்கே காட்டியது பச்சிளங்குழந்தை வார்டு. இரண்டு நாடுகளுக்கும் உள்ள தூரத்தை இதற்குமேல் எப்படி அளப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு

மார்ச் 4க்குப் பிறகு நோயாளிகளின் எண்ணிக்கை சரியத் தொடங்கியது. நோய் வெளிப்பட 70 நாள் வரை ஆகும் என்பதால் அது ஒரே நாளில் நிற்கவில்லை. அந்தத் தயாரிப்புகள் 15 ஆப்பிரிக்க நாடுகளுக்கு ஏற்றுமதி ஆகியிருந்தன. அண்டை நாடுகள் பல உடனே தடை விதித்தன. பதப்படுத்திய இறைச்சியை மக்கள் வாங்கத் தயங்கியதால், எந்தத் தவறும் செய்யாத பன்றி வளர்ப்பவர்களும் விலைச் சரிவில் சிக்கினார்கள். வாரத்துக்கு ஐந்துக்கும் குறைவாக நோயாளிகள் வரும் பழைய நிலை திரும்பிய பின், 2018 செப்டம்பர் 3 அன்று பரவல் முடிந்ததாக அரசு அறிவித்தது.

சட்டங்களும் மாறின. பதப்படுத்திய இறைச்சித் தொழிற்சாலைகளுக்கு ஆபத்துக் கட்டுப்பாட்டு முறை கட்டாயம் என்ற திருத்தமும், உணவுக் கூடங்களுக்கான புதிய சுகாதார விதிகளும் 2018 ஜூனில் வந்தன. விருப்பத்தைப் பொறுத்திருந்த இறைச்சித் தரம் 2019இல் கட்டாயமானது. இவை எல்லாம் ஏற்கெனவே அறிந்த, எழுதிய, மேசையில் கிடந்த விஷயங்கள் என்பதுதான் மனத்தை அறுக்கிறது. புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியது எதுவும் இருக்கவில்லை.

216 என்ற எண்ணையும் கொஞ்சம் நிதானித்துப் படிக்க வேண்டும். 1,060 பேரில் 806 பேருக்கு மட்டுமே முடிவு என்ன ஆயிற்று என்பது தெரியும். அந்த 806 பேரில் இறந்தவர்கள் 216. மிச்சம் 254 பேர் பிழைத்தார்களா, இறந்தார்களா என்பது பதிவில் இல்லை. ஆய்வகத்தில் உறுதிப்படுத்தாமலே நின்றுபோன கர்ப்பங்கள் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

தங்கள் தயாரிப்புக்கும் மரணங்களுக்கும் நேரடித் தொடர்பு இருப்பதாகத் தாங்கள் அறியவில்லை என்று டைகர் பிராண்ட்ஸின் தலைமை நிர்வாகி 2018 மார்ச்சில் செய்தியாளர்களிடம் சொன்னார். அடுத்த மாதம் நிறுவனமே நடத்திய சோதனையிலும் போலோக்வானேயில் எஸ்டி 6 உறுதியானது. அந்த டிசம்பரில் ஜோகன்னஸ்பர்க் உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்டவர்கள் கூட்டாக வழக்கு நடத்த அனுமதி கொடுத்தது. ஆய்வகங்களிடம் உள்ள ஆவணங்களை நிறுவனம் கேட்டுப் பெற முடியுமா என்ற கிளைச் சண்டை மட்டும் 2022 பிப்ரவரிவரை மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நடந்தது. அதற்குள் 2020இல் நிறுவனம் தன் பதப்படுத்திய இறைச்சித் தொழிலை விற்றுவிட்டு வெளியேறியிருந்தது.

பாதிக்கப்பட்டவர்களில் சில பிரிவினருக்கு இழப்பீடு தரும் முதல் முன்மொழிவு, பொறுப்பை ஒப்புக்கொள்ளாமலே, 2025 ஏப்ரலில் வந்தது. கருவிலேயே மூளைக்காய்ச்சல் தாக்கி 2017இல் பிறந்து, பிழைத்து, உடற்குறையோடு வளரும் குழந்தைகளுக்கு அது எட்டாவது வயது.